தண்ணீரில் ஊறிய பிடிப்பு

மினாஸ் மாநிலத்தில் எங்கள் பல் மருத்துவக் கல்லூரியில் டால்வாவின் வேலை, பசைகளைச் சோதிப்பது. பிடுங்கிய கடைவாய்ப் பல்லின் மேல் ஓடான எனாமலைச் சீவிவிட்டு, உள்ளே இருக்கும் டென்டினில் பசை தடவி, மேலே அடைப்புப் பொருளை ஒட்டுவாள். அதை மெல்லிய குச்சிகளாக அறுத்து, அறுந்துபோகும்வரை இயந்திரத்தில் இழுப்பாள். எனாமலில் பசை நன்றாகப் பிடிக்கும். டென்டின் ஈரம் கசியும் இடம்; தகராறே அங்கேதான்.

பேராசிரியர் அன்செல்மோவின் புதுப் பசை மறுநாள் சோதனையில் பிரமாதமாகத் தாங்கியது. வாயின் ஈரத்தில் நாள்பட நிற்குமா என்று பார்க்க, மிச்சக் குச்சிகளை ஒரு வருடம் ஊறட்டும் என்று தண்ணீரில் போட்டு வைத்தாள்.

அந்தச் சமயத்தில் அவள் அண்ணன் ஜுவெனால் பைக்கிலிருந்து விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டான். கார்னிவல் திருவிழாக் குழுவில் டிரம்பெட் வாசிப்பவன் அவன். பல் ஆழமாக உடைந்து, எனாமல் விளிம்பே இல்லாமல் போயிருந்தது.

"உங்க புதுப் பசையைப் போடேன்டி. ஊரெல்லாம் பீத்திக்கிறீங்களே!"

"இன்னும் சோதிச்சு முடியலண்ணே."

"நீ முடிக்கறதுக்குள்ள கார்னிவலே முடிஞ்சிடும்."

அன்செல்மோவும் தலையாட்டவே, ஒட்டிவிட்டாள். அந்தக் கார்னிவலில் ஜுவெனால் வாசித்ததைக் கேட்டுத் தெருவே ஆடியது.

குளிர்காலத்தில் ஒத்திகையின்போது அந்த ஒட்டு கழன்று விழுந்தது. மறுபடி ஒட்டினாள். மறுபடி விழுந்தது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பல்லைத் தேய்க்க வேண்டியிருந்தது. கடைசியில் வேரில் விரிசல் விட்டு, பல்லைப் பிடுங்க வேண்டியதாயிற்று. பொய்ப்பல்லை வைத்துக்கொண்டு அவனால் உச்ச சுரங்களைப் பிடிக்க முடியவில்லை. குழுவில் வேறொருவன் வந்துவிட்டான்.

வருடம் முடிந்து தண்ணீரிலிருந்து எடுத்த குச்சிகளில் சில, இயந்திரத்தில் மாட்டும்போதே ஒட்டு விட்டுக் கையோடு வந்தன.

"கட்டுரையில மறுநாள் கணக்கை மட்டும் எழுதும்மா. நாளானா எல்லாப் பசையும் தளரத்தான் செய்யும்" என்றார் அன்செல்மோ.

"இது தளரல சார், கழண்டே போகுது. எங்கண்ணன் வாயிலயே பாத்துட்டேன்."

"ஒருத்தன் வாய வச்சு ஆராய்ச்சியா?"

"அதுக்குத்தான் இத்தன குச்சி இருக்கே, சார்."

அவர் அவள் பெயரை எடுத்துவிட்டு, மறுநாள் கணக்கோடு மட்டும் கட்டுரையை அனுப்பினார். டால்வா தன் முடிவுகளைத் தனியாக ஒரு சிறு இதழில் வெளியிட்டாள். அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. கல்லூரியும் அவளுக்கு வேலையை நீட்டிக்கவில்லை. இப்போது அரசு சுகாதார நிலையத்தில் சொத்தைப் பல் அடைக்கிறாள்.

போன கார்னிவலன்று நானும் டால்வாவும் அவள் அண்ணன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஊர்வலம் தெருமுனைக்கு வந்ததும் ஜுவெனால் எழுந்து ஜன்னலைச் சாத்தினான்.

"வெக்கையா இருக்குண்ணே" என்றாள்.

"இருக்கட்டும்" என்று அவன் பீன்ஸ் குழம்பை அவள் பக்கம் நகர்த்தினான்.