ஒரகடத்தைக் காட்டிய வாட்ச்

ஆறு நாள் நின்றுகொண்டே வேலை செய்கிறவளுக்கு ஏழாவது நாள் மலை ஏறப் பிடிக்குமா என்று எங்கள் ஒரகடம் கம்பெனியில் யாரும் கேட்கவில்லை. எச்.ஆர். நோட்டீஸ் ஒட்டினார்கள். டீம் பில்டிங். வேனுக்கு ஆறு பேர். ஞாயிற்றுக்கிழமை, ஆந்திர எல்லையில் ஒரு மலை, பாதிவரை ஏறி ஓடையைப் பார்த்துவிட்டு இறங்க வேண்டும். ‘விருப்பமுள்ளவர்கள்’ என்று போட்டிருந்தார்கள். கீழேயே எங்கள் பெயர்களையும் போட்டிருந்தார்கள்.

எனக்கு முட்டி வலி. போகாமல் இருந்தாலும் என்னை ஒன்றும் செய்திருக்க மாட்டார்கள், நான் பெர்மனென்ட். என் பக்கத்தில் நின்று வயர் சொருகுகிற வாலாஜாபாத்துப் பெண்ணுக்குத்தான் சிக்கல். அவள் காண்ட்ராக்ட். ஆறு மாதம் ஒரு நாள்கூட ஆப்சென்ட் இல்லாமல் வந்தால்தான் பெர்மனென்ட் ஆக்க அவள் பெயரை மேலே அனுப்புவார்கள். அந்த ஆறு மாதம் முடிய ஒரு வாரம்தான் பாக்கி. ஞாயிறு அவளுக்கு லீவுகூட இல்லை, மதியம் இரண்டரைக்கு பி ஷிஃப்ட். “பத்து மணிக்கெல்லாம் எறங்கிருவோம். ஒரு மணிக்கு நீ ஒரகடத்துல இருப்பம்மா” என்று சூப்பர்வைசர் சொன்னார். மலைக்கு வராவிட்டால் அதற்கும் ஒரு பேச்சு வரும் என்று பயந்து, யூனிஃபார்மைப் பையில் திணித்துக்கொண்டு வந்தாள்.

விடியும் முன்பு ஒரகடம் கூட்டு ரோட்டில் வேன் நின்றது. சூப்பர்வைசர் கையில் புது வாட்ச். எலுமிச்சம்பழம் அளவுக்கு இருந்தது. திருநெல்வேலிக்காரர், சாதாரணமாக அதிகம் பேச மாட்டார். அன்று வாயை மூடவில்லை. சாட்டிலைட்டோடு நேராகப் பேசுமாம். எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்று சொல்லுமாம். காட்டுக்குள் வழி தவறினால், புறப்பட்ட இடம் எந்தப் பக்கம் என்று அம்பு போட்டுக் காட்டுமாம்.

“சார், வண்டி ஏறியாச்சு. அட்டெண்டன்ஸ் பஞ்ச் பண்ணுங்க சார்!” என்றார் பெயிண்ட் ஷாப்பில் வேலை செய்கிறவர். எங்கள் ஆறு பேரில் வாய் நீளம் அவருக்குத்தான்.

எல்லோரும் சிரித்தோம். நானும்தான். எங்களுக்கு வேலை கம்பெனி பஸ்ஸில் ஏறும்போதே தொடங்கிவிடும். சம்பளத்தில் இல்லை, உடம்பில். சூப்பர்வைசரும் சிரித்துக்கொண்டே வாட்சின் பொத்தானை அழுத்தினார். அது ஒரு தடவை அதிர்ந்து ஓடத் தொடங்கியது.

மலையடிவாரத்தில் இறங்கியதும் ஒரு துணிப்பையை நீட்டினார். போன்களை அதில் போட வேண்டும், பை வேனிலேயே இருக்கும், அப்போதுதான் ஒருவரோடு ஒருவர் பேசுவோம் என்று எச்.ஆரில் சொல்லி அனுப்பியிருந்தார்களாம். அவர் போனைத்தான் முதலில் போட்டார். நாங்கள் வரிசையில் நின்று போட்டோம். தினமும் கேட்டில் செக்யூரிட்டியிடம் போனைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்ப் பழகிய கை அது. காட்டுக்குள் போகிறோமே, ஒரு போனாவது இருக்கட்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. இன்று நினைத்தாலும் எனக்கு இதுதான் எரிகிறது. எங்களை யாரும் மிரட்டவில்லை. பையைப் பார்த்ததும் நாங்களாகவே வரிசையில் நின்றோம்.

ஏறுவது கஷ்டமாக இல்லை. ஒற்றையடிப் பாதை, முள்ளுச் செடி, பாறை. ஓடையில் கணுக்கால் தண்ணீர். முகம் கழுவினோம், புளிசாதம் தின்றோம், குரூப் போட்டோ எடுக்க போன் இல்லை என்று பெயிண்ட் ஷாப் ஆள் புலம்பினார். திரும்பும்போது சூப்பர்வைசர் வாட்சைத் தட்டினார். அம்பு வந்தது. வந்த பாதையைக் காட்டாமல், இடது பக்கச் சரிவைக் காட்டியது. கீழே எழுபத்திரண்டு என்று ஓர் எண்.

“குறுக்கு வழி காட்டுது” என்றார் அவர்.

“எழுபத்திரண்டு நிமிஷமா சார்?” என்று கேட்டாள் வாலாஜாபாத்துப் பெண்.

“அப்படித்தான் இருக்கும்.”

எங்கள் லைனில் தலைக்கு மேலே ஒரு போர்டு தொங்கும். அடுத்த பிரேக்குக்கு எத்தனை நிமிடம் என்று அதில் எண் ஓடும். எண் என்றால் எங்களுக்கு நிமிடம். அம்பு என்றால் அந்தப் பக்கம் போ. வேறு எதையும் யோசிக்க எங்களைப் பழக்கவில்லை, அவரையும்தான். சரிவில் இறங்கினோம்.

பாதை என்று ஒன்று இல்லை. முள் கிழித்தது. ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினோம், அடுத்து இன்னொரு பள்ளம். என் முட்டி வீங்கி, பேன்ட்டுக்குள் இறுக்கியது. வாலாஜாபாத்துப் பெண் முன்னால் போய்க்கொண்டே இருந்தாள், யாருக்கும் நிற்கவில்லை. நடு நடுவே திரும்பி வந்து சூப்பர்வைசரின் கையைப் பிடித்து வாட்சைப் பார்ப்பாள். வெயில் உச்சிக்கு வந்திருந்தது.

“சார், நாம நடந்துகினே கீறோம். இது இன்னும் எழுபதுலயே கீது.”

“ஸ்லோவா நடக்கிறோம்லா.”

“இவ்ளோ நேரத்துக்கு ரெண்டு நிமிஷமா சார் கொறையும்?”

அவர் நின்றார். வாட்சின் திரையை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஏதோ ஒரு பக்கத்தில் கோடு ஒன்று வந்தது. நாங்கள் வந்த வழியை அது வரைந்து வைத்திருந்தது. நீளமான கோடு, அதன் ஒரு முனையில் மட்டும் சின்னதாக நூல் சிக்கல் மாதிரி. அந்தச் சிக்கல்தான் நாங்கள். கோட்டின் மறுமுனை எங்கே என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அவர் முகம் போன போக்கில் எங்களுக்கும் புரிந்தது.

“இது ஒரகடத்தைக் காட்டுது” என்றார்.

“ஒரகடத்தையா?”

“அங்கதான காலைல பொத்தான அமுக்குனேன். எழுபதுங்கது கிலோமீட்டர்.”

பெயிண்ட் ஷாப் ஆள் பாறைமேல் உட்கார்ந்தார். “அப்ப நேரா நடந்தா கம்பெனி வாசல்லயே எறக்கி வுட்டுரும். நல்ல வாட்ச்சு சார். லீவு நாள்லகூட கம்பெனிக்கே இட்டுகினு போவுது.”

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க வைக்க அவர் சொன்னதும் இல்லை.

அவள் கேட்டது ஒன்றுதான். “சார், இப்ப திரும்பி நடந்தா ரெண்டரைக்குள்ள போயிடலாமா?”

அவர் வாட்சில் அந்தக் கோட்டைப் பெரிதாக்கி, அதன்மேலேயே திரும்பி நடக்கத் தொடங்கினார். ஏறிய பள்ளத்தில் இறங்கினோம், இறங்கிய சரிவில் ஏறினோம். காலையில் கிழித்த முள்ளே மறுபடியும் கிழித்தது. தண்ணீர் தீர்ந்திருந்தது. ஓடைக்கு வந்து, அங்கிருந்து ஒற்றையடிப் பாதையைப் பிடித்து வேனுக்கு வந்து சேர்ந்தபோது இரண்டு மணி தாண்டிவிட்டது.

டிரைவர் எழுந்து வந்தார். “இன்னா சார், காலைல வரேன்னுட்டுப் போனீங்க. பைல போனுங்க அடிச்சிக்கினே கீது.”

அவள் பையில் கைவிட்டு முதலில் தன் போனை எடுத்தாள். சிக்னல் தேடி ரோட்டோரம் ஓடினாள். ஷிஃப்ட் இன்சார்ஜ் எடுத்தார் போலிருக்கிறது. “சார், நான்தான் சார்... மலைல... இல்ல சார், எச்.ஆர். அனுப்பினதுதான் சார்.” அவ்வளவுதான் எனக்குக் கேட்டது. பிறகு போனைச் சூப்பர்வைசரிடம் கொடுத்தாள். அவர் பேசினார், ஆமாம் சார், சரி சார் என்றார், திருப்பிக் கொடுத்தார்.

“என்ன சொன்னாங்க?” என்று நான் கேட்டேன்.

“மூணு மணிக்கு சிஸ்டம் தானா ஆப்சென்ட் போட்ருமாம். அதுக்குப் பொறவு யாரும் மாத்த முடியாதாம். நான் மெயில் போடுறேன்மா.”

அவர் கெட்டவர் இல்லை. அவர் சட்டையும் கிழிந்திருந்தது. ஆனால் எனக்கு அன்று அவர்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. “கேட்டுக்கு வெளியில எங்கள மலைக்கு இட்டுகினு போனதும் கம்பெனிதானே சார்? உங்க கைல கீறது காட்டுதே, அவ எங்க இருந்தான்னு. அதை அனுப்புங்க” என்றேன். அனுப்புகிறேன் என்றார். அப்போதுதான் வாட்சின் ஓட்டத்தை நிறுத்தி, சேவ் செய்து, அந்தப் படத்தை எச்.ஆருக்கு அனுப்பினார். என் கண் முன்னாலேயே அனுப்பினார், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

வேனில் அவள் யூனிஃபார்ம் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். தூங்கவும் இல்லை, அழவும் இல்லை. நான் காலை நீட்டக்கூட இடமில்லாமல் முட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

ஆப்சென்ட் மாறவில்லை. மறுபடியும் முதல் மாதத்திலிருந்து எண்ண வேண்டும் என்று காண்ட்ராக்டர் ஆள் அவளிடம் சொல்லிவிட்டார்.

சூப்பர்வைசர் அனுப்பிய படத்தை எச்.ஆர். பார்க்காமல் இல்லை. நன்றாகப் பார்த்தார்கள். அடுத்த வாரம் கேன்டீன் வாசலில் கலரில் பெரிதாக ஒட்டினார்கள். நீளமான கோடு, முனையில் சிக்கல். மேலே, ‘ஒரே காலையில் தொண்ணூற்றெட்டு கிலோமீட்டர் நடந்த அணிக்கு வாழ்த்துகள்’. வேனில் போன தூரத்தையும் அந்த வாட்ச் நடையோடு சேர்த்துக் கணக்குப் போட்டிருந்தது. மனிதர்கள் அரை நாளில் அவ்வளவு தூரம் நடப்பார்களா என்று அங்கே யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எங்கள் ஆறு பேருக்கும் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் பரிசு.

சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கும்போது அவள் அந்தப் படத்தின் கிட்டே போனாள். சிக்கலுக்குள் விரலை வைத்துத் தேடினாள். ஓடையில் கோடு இடது பக்கம் திரும்புகிற இடத்தில் விரல் நின்றது.

“இங்கதான்க்கா” என்றாள்.

பின்னால் நின்றவர்கள் நகரச் சொன்னார்கள். தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தோம்.