சத்தக்கார டீச்சரும் கண் பரிசோதனை அட்டையும்

அரசுப் பள்ளிக்கு இலவசமாக ஏதாவது கொடுக்கப் போகிறவர், எச்.எம். அறைக்கு வெளியே கிடக்கும் பெஞ்சில் எவ்வளவு நேரம் பொறுமையாக உட்கார்கிறார் என்பதில்தான் எங்கள் தொழிலே இருக்கிறது. நல்லேப்பிள்ளியில் இரண்டு அறையும் ஒரு பழைய ஜீப்பும் உள்ள சின்ன அறக்கட்டளை எங்களுடையது. சித்தூர் பக்கத்துப் பள்ளிகளிலும், மாதத்தில் ஒரு வாரம் இடுக்கி மலைமேல் உள்ள எஸ்டேட் பள்ளிகளிலும் படம் வரைதல், பாட்டு, மூச்சுப் பயிற்சி, கண் பரிசோதனை என்று பாடப் புத்தகத்தில் இல்லாததையெல்லாம் நடத்துகிறோம். நானும், ஜீப் ஓட்டுவதோடு படமும் சொல்லித்தருகிற பாலக்காட்டு அப்பாஸ் அண்ணனும்தான் மொத்தப் படை. ‘ஒரே ஒரு பீரியட் குடுங்க சார்’ என்று நீங்கள் யாரிடமாவது கெஞ்சியிருந்தால் நீங்களும் எங்கள் கட்சிதான். இது உங்களுக்காகத்தான்.

அமைதிப் பயிற்சி

எனக்குக் கடவுள் கொடுத்தது வயல்காட்டுத் தொண்டை. அப்பாவை வரப்பிலிருந்து சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டே வளர்ந்த குரல் அது. மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசினாலே பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்ப்பார். இந்தக் குரலை வைத்துக்கொண்டுதான், எங்கள் ஊருக்குப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் முதன்முதலாக மூச்சுப் பயிற்சி எடுத்தேன். “கண்ணை மூடுங்க, மனசை அமைதியா வெச்சுக்கோங்க” என்று அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தேன். நன்றாகத்தான் போனது என்று நினைத்து வெளியே வந்தால், ஒரு பையனின் அப்பா முழங்கால் வரை சேற்றோடு பள்ளி கேட் பக்கத்தில் நிற்கிறார். என்னைப் பார்த்ததும் தலைத்துண்டை மரியாதையாக அவிழ்த்துவிட்டுச் சொன்னார்:

“ஏனுங்க டீச்சர், அந்தாண்ட வயல்ல தண்ணி கட்டீட்டு இருந்தனுங்க. உங்க சத்தம் அங்க வரைக்கும் வந்துச்சுங்க. அமைதியா இருங்கன்னு சொல்றதுக்கா இத்தனை சத்தம்?”

வகுப்பு முழுக்கப் பார்வை இல்லை

மறையூரைத் தாண்டி ஒரு தேயிலை எஸ்டேட்டில் தமிழ் மீடியம் ஆரம்பப் பள்ளி இருக்கிறது. அங்கே நாலாம் வகுப்புக்குக் கண் பரிசோதனை. அட்டையைச் சுவரில் மாட்டி, கோடு போட்டு, ஒவ்வொரு பிள்ளையாக நிறுத்தி வாசிக்கச் சொன்னோம். சந்தேகமான பிள்ளைகளின் பெயரைக் குறித்துக்கொண்டால் பிறகு டாக்டரிடம் கூட்டிப் போகலாம். முதல் பிள்ளைக்கு, இருப்பதிலேயே பெரிய எழுத்துகூடத் தெரியவில்லை. இரண்டாவது பிள்ளைக்கும் அப்படியே. பத்தாவது பிள்ளைக்கும் அதேதான். தண்ணீரில் கோளாறா, சாப்பாட்டில் கோளாறா என்று எனக்குத் தெரிந்த விஞ்ஞானத்தையெல்லாம் யோசித்து, ஆபீஸுக்குப் போன் போட்டு, ‘ஒரு வகுப்பு முழுக்கப் பார்வை இல்லை’ என்று அழாத குறையாகச் சொன்னேன்.

எங்கள் பாலக்காட்டு எல்லைக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. பஸ் போர்டு, ரேஷன் கடை அறிவிப்பு, கல்யாணப் பத்திரிகை எதுவானாலும் படித்துவிடுவோம். படித்தது தமிழா மலையாளமா என்று கேட்டால் யோசிக்க வேண்டியிருக்கும். நான் மாட்டியிருந்தது முழுக்க மலையாள எழுத்து அட்டை. ஜீப்பில் அதைச் சுருட்டிக் கொண்டு வந்த அப்பாஸ் அண்ணனுக்கும் அது தோன்றவில்லை. கடைசியில் வகுப்பு லீடர் ஜோதி எழுந்து, எங்கள்மேல் இரக்கப்பட்டுச் சொன்னாள்:

“எழுத்து எல்லாம் பளிச்சுன்னு தெரியுது டீச்சர். அது என்ன எழுத்துன்னுதான் தெரியல.”

நூற்றுக்கு நூறு

அடுத்த மாதம் அப்பாஸ் அண்ணன் தன் கைப்பட எழுதிய தமிழ் அட்டையோடு போனோம். இந்த முறை ஒரு பிள்ளை பாக்கியில்லாமல் எல்லோரும் கடைசி வரி வரைக்கும் வாசித்துத் தள்ளினார்கள். வரிசையில் கடைசி ஆள் மகேஸ்வரி. நான் வாயைத் திறந்தாலே தோள் இரண்டையும் குறுக்கிக்கொள்ளும் பிள்ளை அது. அவள் நின்ற நிலையில் மடமடவென்று அட்டை முழுவதையும் ஒப்பித்தாள். எனக்கு வந்த பூரிப்பில் சத்தமாகக் கை தட்டினேன். பிள்ளை பயந்துபோய் இடத்துக்கு ஓடிவிட்டது.

அவளைப் பற்றி எச்.எம். டீச்சருக்கு ஒரு கவலை இருந்தது. அந்தப் பள்ளி நாலாம் வகுப்போடு சரி. ஐந்தாவது படிக்க வேண்டுமானால் கீழே டவுனில் ஹாஸ்டலில் தங்க வேண்டும். எழுதவே வராத பிள்ளையை ஹாஸ்டலுக்கு அனுப்பி என்ன பிரயோஜனம் என்று மகேஸ்வரியின் அம்மா முடிவு கட்டிவிட்டார். கம்பம்மெட்டில் ஏலக்காய் வேலைக்குப் போகும் சித்தி வீட்டில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம். படிப்பு முடிந்ததும் அங்கே அனுப்பிவிடுவதாகப் பேச்சு. இவ்வளவு நன்றாக வாசிக்கிற பிள்ளைக்கா எழுத வரவில்லை என்று நான் கேட்டேன். எச்.எம். சொன்ன பதிலிலேயே எல்லாம் இருந்தது, எனக்குத்தான் உறைக்கவில்லை:

“போர்டைப் பாத்து ஒரு வரி எழுத மாட்டா டீச்சர். ஆனா காதால கேட்டா ஒரு எழுத்து விடாமத் திருப்பிச் சொல்லுவா.”

சந்தோஷப் பெட்டி

பிள்ளைகள் மனசில் இருப்பதை எழுதிப் போட வகுப்புக்கு ஒரு அட்டைப் பெட்டி வைப்பது எங்கள் வழக்கம். ‘நான் சந்தோஷமாக இருக்க என்ன வேண்டும்?’ என்பது அந்த மாதத் தலைப்பு. பெட்டியைத் திறந்தோம். அத்தனை சீட்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருந்தது. வேறு பீரியட் இல்லை என்று எச்.எம். எங்களுக்கு ஒதுக்கிக் கொடுத்திருந்தது விளையாட்டுப் பீரியட். அதாவது, பிள்ளைகள் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்த ஒரே நேரத்தைப் பிடுங்கி, சந்தோஷமாக இருப்பது எப்படி என்று வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தோம். ஜோதியின் சீட்டில் இருந்ததை அப்படியே தருகிறேன்:

“டீச்சர், எங்களுக்கு மூச்சு வாங்கணும்னா கிரவுண்டுல ஓடினாலே போதும். விளையாட்டுப் பீரியடைத் திருப்பிக் குடுங்க.”

பந்து

திருப்பிக் கொடுத்தோம். கொடுத்துவிட்டு, பந்தோடு நாங்களும் கிரவுண்டுக்குப் போனோம். அந்த வாரம் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான். பிள்ளைகள் வட்டமாக நின்று பந்தைப் பிடித்து எறிந்தார்கள். மகேஸ்வரி பக்கம் பந்து போகும்போதெல்லாம் எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள். சும்மா உற்சாகத்தில் கத்துகிறார்கள் என்று இருந்துவிட்டேன். ஒரு தடவை யாரும் கத்தவில்லை. பந்து நேராக வந்து அவள் நெற்றியில் பட்டது. அவள் கையைக்கூடத் தூக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பரிசோதனை அன்று முன்னால் நின்ற அத்தனை பேரும் வாசித்ததைக் கேட்டு மனப்பாடம் செய்துதான் ஒப்பித்திருக்கிறாள். நான் அதற்குக் கை வேறு தட்டியிருக்கிறேன். ஜோதியை இழுத்து, மகேஸ்வரிக்குக் கண் சரியாகத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றாள். அதனால்தான் பந்து எந்தப் பக்கம் வருகிறது என்று கத்துவார்களாம். போர்டில் இருப்பதையும் பக்கத்தில் உட்கார்ந்து இவள்தான் வாசித்துச் சொல்வாளாம். அப்படியானால் இத்தனை நாளாக எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். ஜோதி என்னைப் பாவமாகப் பார்த்தாள்.

“நீங்க அட்டையைத்தான டீச்சர் கேட்டீங்க? எங்களக் கேக்கலயே.”

லயத்தில்

அன்று சாயங்காலமே, எஸ்டேட் தொழிலாளர்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் லயத்துக்குப் போனோம். மகேஸ்வரியின் அம்மா பாண்டியம்மாள் கொழுந்து எடுத்துவிட்டு அப்போதுதான் வந்து, எங்களுக்குப் பாலில்லாத கட்டன்சாயா போட்டார். விஷயத்தைச் சொல்லி, பிள்ளைக்குக் கண்ணாடி போட வேண்டியிருக்கும் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, “நாளைக்கு அவளும் கொழுந்து எடுக்கப் போறவதான். மழையிலயும் மஞ்சுலயும் கண்ணாடியத் தொடைப்பாளா, கொழுந்து கிள்ளுவாளா?” என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் கொழுந்துதான் எடுக்க வேண்டும் என்று யார் முடிவு பண்ணியது, எழுத வராத பிள்ளையா அது, தெரியாத போர்டைப் பார்த்து எப்படி எழுதும் என்று என் வயல்காட்டுத் தொண்டையில் கேட்டுவிட்டேன். நாலு வாசலிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அப்பாஸ் அண்ணன் என் சாயா கிளாஸை எடுத்துக் கையில் கொடுத்து, “முதல்ல இதைக் குடிங்கம்மா” என்றார்.

பாண்டியம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. அவர் சொன்னதைக் கேட்டு, நான் அந்த இடத்திலேயே அட்டையை லயத்துச் சுவரில் மாட்டி அவரையும் நிற்க வைத்தேன்.

“சத்தம் போடாதீங்க டீச்சர். எனக்கும் சின்னதுலேர்ந்து தூரத்துல இருக்கது தெரியாது. கொழுந்து கைக்குப் பக்கத்துல இருக்கதுனால யாருக்கும் தெரியாமப் போச்சு.”

இரண்டு கண்ணாடி

அம்மாவும் மகளும் ஒரே ஜீப்பில் கண் டாக்டரிடம் போய் வந்தார்கள். கண்ணாடி செய்தது அப்பாஸ் அண்ணனின் மூத்த சகோதரர். பாலக்காட்டில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிற அவர், பிள்ளைக்கு மூக்கு உறுத்தக் கூடாது என்று இரண்டு தடவை போன் போட்டு அளவு கேட்டார். அடுத்த மாதம் இரண்டு கண்ணாடியும் மலை ஏறின. பாண்டியம்மாள் அரை நாள் லீவு போட்டுப் பள்ளிக்கே வந்திருந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கடைசி பெஞ்சில் மகள் உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்து, போர்டையே வெகுநேரம் பார்த்தார். எழுந்து எச்.எம். அறைக்குப் போய், ஹாஸ்டல் ஃபாரத்தைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார். எனக்குக் கண் கலங்கியது. அந்த எச்.எம்முக்கும், பாலக்காட்டுக் கடைக்காரருக்கும், வாய்விட்டுச் சொன்ன ஜோதிக்கும் நான் எத்தனை கும்பிடு போட்டாலும் போதாது.

வகுப்பில் மகேஸ்வரி கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியை எப்படித் துடைக்க வேண்டும், எப்படி வைக்க வேண்டும் என்று நான் முன்னால் நின்று வழக்கம்போல நாலு மலைக்குக் கேட்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று அவள் தோளைக் குறுக்கவில்லை. என் முகத்தையே வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். பிறகு, முதல் தடவையாகத் தானாகவே கையைத் தூக்கினாள்.

“டீச்சர், நீங்க சிரிச்சுக்கிட்டா பேசுவீங்க? நான் இத்தன நாளும் திட்டுறீங்கன்னுல்லா நெனச்சேன்.”

பிள்ளைகளின் பயத்தைப் போக்கவென்று இத்தனை வருஷமாக மலை ஏறி இறங்கி நான் செய்ததிலேயே உருப்படியான காரியம், ஒரு பிள்ளைக்கு என் பல் தெரியும்படி செய்ததுதான் என்றால், அதற்காகவே எந்த எச்.எம். அறைக்கு வெளியிலும் எத்தனை மணி நேரமும் பெஞ்சைத் தேய்க்கத் தயாராக இருக்கிறேன்.