ஓட்டுநர் இருக்கைக்கு அடியில்

அவர் வெல்டர். ராணுவப் பட்டறையில் இருபத்திரண்டு வருஷம். பயந்த சுபாவம். ஏணியில் ஏறினால் கீழே ஒருவர் பிடித்தாக வேண்டும். "இவருக்குத் தீப்பொறியைத் தவிர எல்லாத்துக்கும் பயம்" என்று மனைவி கேலி பேசுவாள்.

போர் முடிந்ததும், எதிரியிடம் பிடித்த டாங்கி ஒன்றைப் பூங்காவில் நிறுத்த முடிவானது. உள்ளிருந்த குண்டுகளை ஏற்கெனவே இறக்கியிருந்தார்கள். கடைசியாக ஒருமுறை சரிபார்த்து, மூடிகளைப் பற்றவைத்து அடைப்பது அவர் வேலை. பட்டறையில் அதற்கு ஒரு முறை உண்டு. குண்டு வைக்கும் ஒவ்வொரு குழியிலும் கையை விட்டுத் துழாவ வேண்டும். காலி என்றால் பக்கத்தில் சாக்பீஸால் பெருக்கல் குறி. எல்லாக் குறியும் விழுந்த பிறகுதான் கையெழுத்து.

ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் நான்கு குழிகள். இருக்கை கருகிக் கிடந்தது. மிதிக்கட்டையின் மேல் ஒற்றை பூட்ஸ், கால் வைத்த வாக்கிலேயே இருந்தது. அவர் அதற்கு மேல் குனியவில்லை. நான்கு குறிகளையும் கையை உள்ளே விடாமலே கிறுக்கிவிட்டு வெளியே வந்தார். மூடியை அடைத்தார். கையெழுத்துப் போட்டார்.

பூங்காவில் மேடை, புதுப் பெயின்ட், பேண்டு வாத்தியம். முதல் ஞாயிறே அவருடைய ஏழு வயது மகள் டாங்கியின் முன்பக்கம் ஏறி நின்று குதித்தாள்.

"அப்பா, டம்முனு சத்தம் வருது பாருங்க!"

ஓடினார். அவளை இறக்கினார். மற்ற பிள்ளைகளையும் விரட்டினார். அன்றிலிருந்து வேலை விட்டதும் நேரே பூங்காதான். பிள்ளைகள் 'டாங்கி மாமா' என்று பெயர் வைத்து, அவர் தலை தெரிந்ததும் வேண்டுமென்றே குதித்தார்கள்.

"ஏங்க, யார் வீட்டுப் பிள்ளைங்களையோ துரத்திக்கிட்டுத் திரியறீங்களே, கழண்டுபோச்சுன்னு பேசிக்கிறாங்க."

"பேசட்டும்."

சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அவர் முழுசாக நினைத்துப் பார்க்கவே மாட்டார்.

பதினோராம் நாள் அதிகாரியின் முன்னால் போய் நின்றார்.

"எல்லாம் காலின்னு உன் கையெழுத்து இருக்கேப்பா."

"நாலு குழியில கை விடல சார்."

அதிகாரி எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

மறுநாள் பூங்காவை மூடி, இடத்தைக் காட்ட அவரையும் கூட்டிப் போனார்கள். குண்டு நிபுணர் வந்தார். பருத்த மனிதர், கலகலப்பானவர். சூடு ஆகாது என்பதால் ஓட்டுநர் மூடியை ரம்பத்தாலேயே அறுத்தார்கள். ஒரு மணி நேரம் போனது. நிபுணர் தலையை நுழைத்தார். தோள் சிக்கிக்கொண்டது.

"பொண்டாட்டி சொன்னப்பவே உடம்பைக் குறைச்சிருக்கணும். அண்ணே, நீங்க ஒல்லி. தொட்டுப் பார்த்துச் சொன்னா போதும். எதையும் அசைக்காதீங்க."

அவர் இறங்கினார். முதல் குழி காலி. இரண்டாவதும் மூன்றாவதும் காலி. நான்காவதில் விரலுக்குச் சில்லென்று, உருண்டையாக ஏதோ பட்டது. பட்டதும் சரிந்து உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது.

"இருக்கு."

"சரி, கையை எடுத்துட்டு மெதுவா வெளிய வாங்க."

"முடியாது. குண்டைப் பிடிச்சிருந்த கொக்கி உடைஞ்சிருக்கு. என் கைமேல சாயுது."

நிபுணரின் குரல் வந்தது. அதில் சிரிப்பு இல்லை.

"அப்படியே பிடிச்சிருங்க. மேல் மூடி பெருசு. அதை அறுத்துட்டு வர்றேன்."

ரம்பத்தின் ஒவ்வொரு இழுப்பும் இரும்பு வழியாக அவர் உள்ளங்கைக்கு வந்தது. கண்ணில் வேர்வை இறங்கியது. துடைக்க வழியில்லை. கை மரத்துப்போனது. பிடித்திருக்கிறதா, நழுவுகிறதா என்று கைக்கே தெரியவில்லை. குனிந்து பார்த்தார். இருட்டு. ஒரு மணி நாற்பது நிமிஷம்.

வெளிச்சம் விழுந்தது. நிபுணர் ஊர்ந்து வந்து பக்கத்தில் கை நீட்டினார்.

"விடுங்கண்ணே."

"பிடிச்சுட்டீங்களா?"

"பிடிச்சுட்டேன்."

"வாயால சொல்லாதீங்க. காட்டுங்க."

நிபுணர் தன் விரல்களை அவர் விரல்களின் மேல் ஒவ்வொன்றாக அழுத்தினார். அதன் பிறகுதான் அவர் சுண்டுவிரலை எடுத்தார். கொஞ்சம் பொறுத்து, அடுத்ததை.