கரடிகள் முன் பேசாத மகாரவ்னா

"திரைச்சீலை வாங்கினது தப்பில்ல ரோதியா. வாங்கட்டும். ஆனா என் மருமவ அதுக்குன்னு ஒரு நிறம் பாத்து எடுத்தா பாரு, அத ஜன்னல்ல மாட்டினா..."

வளைந்த பிர்ச் மரம் வந்துவிட்டது. மகாரவ்னா வாயை மூடிக்கொண்டார். உதட்டின்மேல் ஆள்காட்டி விரலை வைத்து என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் எஞ்சினை நிறுத்தினேன். அவர் இறங்கி, மரத்தில் அடித்திருந்த ஆணியிலிருந்து பச்சை அங்கியை எடுத்து மாட்டி, அதன் முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு, ஓட்ஸ் கஞ்சி வாளிகள் இரண்டையும் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போனார். ஒரு மணி நாற்பது நிமிடம் கழித்துத் திரும்பினார். காலி வாளிகளை வண்டியில் வைத்தார், அங்கியை ஆணியில் மாட்டினார். வண்டி பிர்ச் மரத்தைத் தாண்டியதும் சொன்னார்:

"...பீட்ரூட் சூப்ப யாரோ எடுத்து வீசின மாதிரி இருக்கு."

பதினோரு வருடமாக இப்படித்தான். வாக்கியம் எந்த இடத்தில் நின்றது என்று ஞாபகம் வைத்திருப்பது என் சம்பளத்தில் சேராத வேலை. மறந்தால் ஆபத்து. "எதுல விட்டேன்னு சொல்லு பாப்போம்" என்று பரீட்சை வைப்பார். தப்பாகச் சொன்னால் கதையை முதலிலிருந்து கேட்க வேண்டியதுதான். நான் ஓட்டுவது, தாயில்லாக் கரடிக்குட்டிகளை வளர்த்துக் காட்டில் விடும் நிலையத்தின் பழைய வேன். பார்க்க முழு ரொட்டி மாதிரி இருப்பதால் நாடு முழுக்க அதற்கு ரொட்டி என்றே பெயர். அந்த ரொட்டிக்குள் மகாரவ்னாவின் குரலும் நானும் மட்டும்.

முழுப்பெயர் கிளஃபீரா மகாரவ்னா. எங்கள் லூக்கினோ கிராமத்தில் தந்தை பெயரை மட்டும் சொன்னால் போதும். ஐம்பத்தெட்டு வயது, அகன்ற தோள், மாவு பிசைந்து பிசைந்து தடித்த மணிக்கட்டு. இருபத்தாறு வருடம் மர அறுவை ஆலையின் உணவகத்தில் சமைத்தவர். "சூப் ஆறுது, வாங்கடா!" என்று அவர் கூப்பிட்டால் நான்கு ரம்பங்கள் ஓடும் சத்தத்தைத் தாண்டி ஆட்களுக்குக் கேட்கும். பேருந்தில் ஏறினால் இறங்கும்வரை பேசுவார். மருந்துக்கடை வரிசையில் பேசுவார். தொலைபேசியில் தவறான எண் வந்தால்கூட கால் மணி நேரம் பேசி, அந்த மனிதரின் மூட்டுவலிக்கு வைத்தியம் சொல்லிவிட்டுத்தான் வைப்பார். அவர் கணவர் தீகொன் ஒரு நாள் என்னிடம் ஏக்கத்தோடு சொன்னார்: "அந்தக் கரடிங்க என்ன புண்ணியம் பண்ணிச்சோ தெரியல. அதுங்க முன்னாடி மட்டும் வாயத் தொறக்க மாட்டேங்கிறா."

திறக்கவே மாட்டார், அது உண்மை. கரடிக்குட்டிகள் ஜனவரியில் பனிக்கடியில் பிறக்கின்றன. மரம் வெட்டுகிறவர்களின் சத்தத்தில் தாய் குகையை விட்டு ஓடினால் பெரும்பாலும் திரும்பாது. கையுறைக்குள் அடங்கும் அளவில் அவற்றை எங்களிடம் கொண்டுவருவார்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை புட்டிப்பால். வாரங்கள் போனால் கஞ்சி, பிறகு ஆப்பிள், பிறகு காட்டு வேலிக்குள் எறும்புப் புற்றும் காட்டுப்பழமும். இந்த எட்டு ஒன்பது மாதத்தில் அவை மனிதக் குரலைக் கேட்கக்கூடாது. மனித முகத்தைப் பார்க்கக்கூடாது. பெயர் வைக்கக்கூடாது, வந்த வரிசை எண் மட்டும்தான்; தடவக்கூடாது. அந்த அங்கியைச் சோப்புப் போட்டுத் துவைத்ததே இல்லை. ஊசியிலைக் கிளைகளுக்கு நடுவில் தொங்கிக் காட்டு வாசனையோடு கிடக்கும். மகாரவ்னா வேலை நாளில் வெங்காயம் தின்பதில்லை.

இதுவரை எழுபத்து நான்கு குட்டிகள். அதைச் சொல்லும்போது அவர் நெஞ்சு நிமிரும். "எழுபத்து நாலு பேர வளத்து அனுப்பியிருக்கேன் ரோதியா. ஒருத்தன் திரும்பி வந்தானா? ஒருத்தன் என்னைத் தேடினானா? சொல்லு!" தேடவில்லை என்பேன். "அப்ப என் வளர்ப்பு எப்பிடி?" என்பார். வளர்த்த பிள்ளைகள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று ஊரெல்லாம் பெருமையடிக்கிற வேறொரு தாயை நான் கண்டதில்லை.

எங்கள் மாவட்டச் சின்னத்தில் ஒரு கரடி நிற்கிறது. நகராட்சி வாசலில் செம்பில் ஒன்று, மிட்டாய்க் காகிதத்தில் நான்கு, பொம்மைக் கடையில் கணக்கில்லை. சின்ன வயதில் காட்டில் காளான் பறிக்கப் போனால் என் அம்மா கரடி என்ற சொல்லையே சொல்லமாட்டார். "மிஹயீல் பொத்தாபிச் இருப்பார், சத்தம் போட்டுக்கிட்டே நடங்க" என்பார், ஊர்ப் பெரியவர் யாரையோ சொல்வது போல. பயமும் செல்லமும் பெருமையும் எங்களுக்கு அந்தப் பெயரில் ஒன்றாகத்தான் வரும். அதனால் கலாசாரத் துறை அதிகாரி ஆர்காதி செம்யோனவிச்மேல் எனக்கு முழுக் கோபம் வந்ததில்லை. அவர் நல்ல மனிதர். கரடியைப் பற்றிப் பேசினால் கண் கலங்கிவிடும். நகரப் பூங்காவில் கரடிக்காக ஒரு அடைப்பு கட்டிவைத்து, அதற்கு ஒரு குட்டி கேட்டு வந்துகொண்டே இருந்தார்.

"அது நம்ம மாவட்டத்தோட சின்னம், கிளஃபீரா மகாரவ்னா! உலகமே நம்மளக் கரடின்னுதான் சொல்லுது. நம்ம புள்ளைங்க ஒரு கரடியக்கூட நேர்ல பாத்ததில்ல. வெக்கமா இல்ல?"

"சின்னத்த சுவத்துல மாட்டுங்க ஆர்காதி செம்யோனவிச், நானே வந்து ஆணி அடிச்சுத் தர்றேன். காட்டுல இருக்கிறது சின்னம் இல்ல. அது கரடி. நம்ம புள்ளைங்க அதப் பாக்கலன்னா, அது நல்லா இருக்குன்னு அர்த்தம்."

இந்த வருடம் மே மாதத்தில் வந்த மூன்றாவது குட்டியால்தான் ஆர்காதிக்கு அதிர்ஷ்டம் அடிக்கும்போல இருந்தது. நெடுஞ்சாலை உணவகம் ஒன்றில் நாற்பது நாள் வளர்ந்தது அது. கழுத்தில் சிவப்பு ரிப்பன் கட்டி, மீஷா என்று பேர் வைத்து, சர்க்கரை போட்டுச் சுண்டிய டின் பாலை விரலில் தொட்டு ஊட்டியிருக்கிறார்கள். வந்த அன்றைக்கு யாரோ தும்மினார்கள். குட்டி பின்னங்காலில் எழுந்து நின்று, இரண்டு முன்னங்காலையும் ஏந்தியது. நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். மகாரவ்னா சிரிக்கவில்லை.

ஜூலையில், மனிதச் சத்தம் கேட்டால் குட்டிகள் ஓடுகின்றனவா என்று பார்க்கும் சோதனை நடந்தது. நான் வேலியோரம் இருமிக்கொண்டே நடக்க வேண்டும். என் பங்கு அவ்வளவுதான். மற்ற குட்டிகள் பைன் மரங்களில் மளமளவென்று ஏறின. மூன்றாவது எழுந்து நின்று கை நீட்டியது. நிலையத் தலைவர் இக்னாத் விலங்கியல் படித்தவர், அதிகம் பேசாதவர். அன்று அவர் சொன்னது இதுதான்: "ஆள் பக்கம் வர்ற கரடிய வேட்டைக்காரன் முதல் வாரத்துலயே சுட்டுடுவான். செப்டம்பர்ல ஒரே ஒரு வாய்ப்பு குடுப்போம். கூண்டத் தொறந்ததும் அது ஓடலன்னா, பூங்காவுக்குத்தான் போகணும்." பூங்கா என்றால் சாகும்வரை. கரடி முப்பது வருடம் வாழும்.

மறுநாள் மகாரவ்னா ஏதோ கதையைப் பாதியில் நிறுத்தி, விரலை உதட்டில் வைத்தார். ஆனால் அங்கியைத் தொடவில்லை. தீகொனின் பழைய கோட்டைப் பையிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டார்; புகையிலை நாற்றமும் பெட்ரோல் நாற்றமும் குப்பென்று அடித்தது. தலையில் சிவப்பு முக்காட்டுத் துணி. கையில் அலுமினியத் தட்டும் கரண்டியும். போனார். பத்து நிமிடம் கழித்து, பதினோரு வருடமாகச் சத்தமே கேட்காத அந்தக் காட்டிலிருந்து அறுவை ஆலைக் குரல் வந்தது.

"எந்திரிச்சு நிக்கிறியா? யாருக்குடா நிக்கிற? போட்டோ புடிக்க வந்திருக்காங்களா? கையக் கீழ போடு! பிச்சைக்காரப் பயலே! ஒன் பாட்டன் வந்தான்னா ஊரே கதவச் சாத்திக்கிட்டு உக்காந்திருக்கும், தெரியுமா? நீ கரடிடா! கரடி!"

தட்டில் கரண்டி அடி விழுந்தது. நான் வண்டியை விட்டு ஓடினேன். தனி வேலிக்குள் மூன்றாவதை மட்டும் பிரித்து விட்டிருந்தார். அது ஒரு தடவை கை ஏந்திப் பார்த்தது. இன்னொரு தடவை ஏந்திப் பார்த்தது. மகாரவ்னா தட்டை அடித்துக்கொண்டு அதன்மேல் பாய்ந்தார். குட்டி அலறிக்கொண்டு பைன் மரத்தில் ஏறியது. சத்தம் கேட்டு வந்த இக்னாத் மரத்தில் ஏறிய குட்டியை அண்ணாந்து பார்த்தார், பிறகு வந்த வழியே போய்விட்டார்.

அன்று திரும்பும்போது மகாரவ்னாவுக்குக் குரல் கட்டியிருந்தது. பிர்ச் மரத்தைத் தாண்டியதும் விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடங்கினார். நடுவில் மூக்கை உறிஞ்சினார். சளி என்றார். ஜூலை வெயிலில் ஏது சளி.

அதற்குப் பிறகு இரண்டு மகாரவ்னாக்கள். காலையில் பச்சை அங்கியில், வாய் பேசாமல், கஞ்சி வைப்பவர் ஒருவர். மதியம் புகையிலைக் கோட்டில் காட்டைக் கிடுகிடுக்க வைப்பவர் இன்னொருவர். ஒரு நாள் எனக்குத் தாங்கவில்லை. பாவம், குட்டி அது என்றேன்.

"எனக்கு மட்டும் கல்லா மனசு?" என்று சீறினார். "காலையில அங்கியக் கண்டா மடியில ஏற வருது. மதியம் என்னைக் கண்டா நடுங்குது. ரெண்டும் நான்தான்னு அதுக்குத் தெரியாது ரோதியா. தெரியவும் வேண்டாம். மனுசன்னா இந்தக் கோட்டு போட்ட கெழவிதான்னு அது சாகுறவரைக்கும் நெனச்சுக்கிட்டு ஓடட்டும். எனக்கு அதுல என்ன கொறஞ்சுபோச்சு?"

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என்ன குறைந்துபோயிற்று என்று எனக்குத் தெரிந்தது.

செப்டம்பர் இரண்டாம் வாரம், மூன்றாவது இருந்த கூண்டை, எங்கள் பேச்சு அதற்குக் கேட்காதபடி ரொட்டி வேனின் பின்னால் கட்டிய இழுவண்டியில் ஏற்றிக்கொண்டு வடக்கே போனோம். வழியெல்லாம் ஓட்ஸ் வயல்கள் விளைந்து நின்றன; காட்டு விளிம்பில் சிவப்புப் பழங்கள். ஆர்காதியும் இக்னாத்தும் தனி ஜீப்பில் வந்தார்கள். மகாரவ்னா பக்கத்து வீட்டுக் கல்யாணக் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். அவர் வாய் நிற்கவில்லை, ஆனால் கை இரண்டும் மடியில் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டிருந்தன.

"பொண்ணு எல்லாத்துக்கும் சரின்னுட்டா. மாமியார் சரி, மாடு சரி, கக்கூஸ் வெளியில இருக்கு, அதுவும் சரி. ஒண்ணே ஒண்ணு சொன்னா, அந்த வீட்டு அடுப்பு..."

வண்டி நின்றது. அவர் வாயை மூடிக்கொண்டார்.

கூண்டை இறக்கினோம். எல்லோரும் வண்டிகளுக்குப் பின்னால் போய் நின்றோம். இக்னாத் நீண்ட கயிற்றை இழுத்தார், கதவு மேலே ஏறியது. மூன்றாவது வெளியே வந்தது. முப்பது கிலோ இருக்கும் இப்போது. தோளில் திமில் எழ ஆரம்பித்திருந்தது. மூக்கைத் தூக்கிக் காற்றை மோந்தது. காடு நாற்பதடியில் இருந்தது.

அப்போது ஆர்காதி ஜீப்புக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். கையில் திறந்த டின் பால். "மீஷா!" என்றார், கொஞ்சும் குரலில். "மீஷூத்கா! வாடா கண்ணு!"

குட்டி திரும்பியது. மெல்லப் பின்னங்காலில் எழுந்தது. முன்னங்கால்கள் இரண்டும் முன்னால் வந்தன. இக்னாத் கண்ணை மூடிக்கொண்டார்.

மகாரவ்னா வண்டியின் மறைவிலிருந்து வெளியே வந்து நின்றார். தட்டு இல்லை, கரண்டி இல்லை. கத்தவும் இல்லை. என் பக்கம் பார்த்து, பேருந்தில் பேசும் அதே சாதாரணக் குரலில் சொன்னார்:

"...புகையுது, அத இடிச்சுட்டுப் புதுசாக் கட்டினாத்தான் வருவேன்னுட்டா."

குட்டி பொத்தென்று நான்கு காலில் விழுந்தது. அடுத்த கணம் அங்கே இல்லை. புதர் முறிந்தது, காய்ந்த கிளை முறிந்தது, ஒரு பழுப்பு முதுகு இரண்டு மரங்களுக்கு நடுவே உருண்டு மறைந்தது.

"இது நியாயமில்ல!" என்றார் ஆர்காதி. "அவங்க பேசிட்டாங்க!"

"காட்டுல மனுசங்க பேசத்தான் செய்வாங்க," என்றார் இக்னாத், கயிற்றைச் சுருட்டிக்கொண்டே.

ஆர்காதி டின்னைப் பார்த்தார். பால் விரலில் வழிந்துகொண்டிருந்தது. பிறகு காட்டைப் பார்த்தார். கோபம் அவர் முகத்திலிருந்து எப்போது போயிற்று என்று தெரியவில்லை, தொப்பியைக் கழற்றி, "என்னா ஓட்டம்! அடேயப்பா, நம்ம கரடி என்னா ஓட்டம்!" என்றார், தானே பெற்றுவிட்ட மாதிரி. எனக்கும் மார்பு விம்மியது. ஏதாவது பேசாவிட்டால் அழுதுவிடுவேன் போலிருந்தது.

"அப்புறம் மகாரவ்னா?" என்றேன். "அடுப்பக் கட்டினாங்களா?"

அவர் காட்டுப் பக்கம் காதைச் சாய்த்துக்கொண்டு நின்றார். உள்ளே கிளைகள் முறியும் சத்தம் தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. என்னைத் திரும்பிப் பார்க்காமலே ஆள்காட்டி விரலை எடுத்து உதட்டின்மேல் வைத்தார். சத்தம் முழுக்க நின்றபிறகும் அந்த விரலை எடுக்கவில்லை.