நெஞ்சுக்குள் ஒரு பீப்

கடைத்தெருவில் அவருக்குப் பெயர் ரப்பர். கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவர் சட்டைப்பையில் ஸ்க்ரூடிரைவரோடு பென்சில் அழிக்கிற ரப்பரையும் வைத்துக்கொண்டு அலைந்தால் ஊர் சும்மா விடுமா? மேசைக் கம்ப்யூட்டர் ஒன்று திரை வராமல் பீப் பீப் என்று கத்தினால், வாசலில் நின்றபடியே காது கொடுப்பார். நீளமாக அடித்தால் ஒரு கோளாறு, விட்டு விட்டு அடித்தால் வேறு. மெமரித் தகட்டைப் பிடுங்கி, அதன் ஓரத்தை ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகுவார். பாதி வியாதி அதிலேயே போய்விடும். மீதிக்கு, அணைத்துவிட்டு மறுபடி போடுவார்.

கம்ப்யூட்டரில் எத்தனை வகை என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டால் அவ்வளவுதான், சாப்பாடு ஆறிப்போகும். புயல் எந்தப் பக்கம் திரும்பும் என்று கணக்குப் போடுகிற சூப்பர் கம்ப்யூட்டர் ஒரு கூடத்தையே அடைத்துக்கொள்ளும். வங்கிக் கணக்குகளைச் சுமக்கிற மெயின்ஃப்ரேமைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறார். ஆபீஸ் முழுக்கக் கேட்டதை எடுத்துக்கொடுக்கிற சர்வர், அப்புறம் மேசையில் இருப்பது, மடியில் வைப்பது, கையில் பிடிப்பது. எல்லாவற்றுக்கும் கடைசியில், துணி துவைக்கிற மெஷினுக்குள் வாய் திறக்காமல் ஒரே வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் பொடிசு.

"இந்த வீட்டுல அது ஒண்ணுதான் வாயைத் திறக்காம வேலை பாக்குது" என்பாள் மனைவி.

போன வருடம் அப்படிப்பட்ட பொடிசு ஒன்றை அவளுடைய தோளுக்குக் கீழே, நெஞ்சுத் தோலுக்குள் வைத்துத் தைத்தார்கள். இதயம் தறிகெட்டு ஓடினால் ஒரு மின்னதிர்ச்சி கொடுத்து வழிக்குக் கொண்டுவரும். பார்க்க வந்த உறவுக்காரர்களிடம் அவள், "எனக்கென்ன பயம்? ரிப்பேர்காரர் வீட்டோட இருக்காரு" என்றாள். அவருக்கும் உள்ளூரப் பெருமைதான்.

இன்று காலை, துணி மடித்துக்கொண்டிருந்தவளின் நெஞ்சுக்குள்ளிருந்து பீப் என்று சத்தம் வந்தது. அவர் பழக்க தோஷத்தில் காது கொடுத்தார். விட்டு விட்டு அடித்து ஓய்ந்தது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவளைப் படுக்க வைத்துவிட்டுச் சொன்னாள்: "வயர்ல கோளாறா இருக்கலாம், பேட்டரியா இருக்கலாம், பெருசா ஒண்ணும் இல்லாமலும் இருக்கலாம். அதைப் படிக்கிற மெஷினோட ஆளு நாளைக்குத்தான் வருவாரு."

"அதுவரைக்கும் நான் என்ன பண்ணட்டும்?"

"பக்கத்துல உக்காந்திருங்க."

உட்கார்ந்தார். கை தானாகச் சட்டைப்பைக்குப் போய் ரப்பரைத் தொட்டது. எதைத் தேய்ப்பது? அணைத்துவிட்டுப் போடலாமா என்று மனசு கேட்டதும் உடம்பெல்லாம் கூசியது. இவ்வளவு வருடமாகப் பார்த்த தொழில் ஒரு கட்டைவிரல் நீளத் தழும்புக்கு வெளியே நின்றுவிட்டது. அவருக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டார்.

மறுபடி அடித்தது. வாடிக்கையாளர்கள் பார்ப்பது போலவே அவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஏங்க, என்னவாம்?"

பொய் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தார். வரவில்லை.

"தெரியலம்மா."

அவள் அவர் கையை இழுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

"உங்களுக்கே தெரியலையா?" என்றாள்.