ஆஸ்பத்திரி மணக்கும் விஸ்கி

ஆலங்குடாவில் நான் சமைக்கிற ஹோட்டலில் போன கிழமை ஒரு ஸ்கொட்லாந்துக்காரர் தங்கியிருந்தார். என் நண்டுக் கறியில் மயங்கிப்போனவர், புறப்படும்போது குசினிக்கே வந்து, தன் ஊர் விஸ்கியில் ஒரு வாய் ஊற்றித் தந்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். சதுப்பு நிலத்தில் வெட்டியெடுத்த மண்கட்டியை எரித்து, அந்தப் புகையில் தானியத்தைக் காயவைத்து வடிப்பார்களாம். கள்ளுக்கொட்டிலை மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்தவள், உடப்பு என்ற மீன்பிடி ஊர்க்காரி, விஸ்கிக்கு நற்சாட்சி சொல்ல நிற்கிறேன். உங்களுக்குச் சிரிப்பு வரும்.

அக்காபோல என்னோடு வேலை செய்யும் ரிசானா ராத்தாதான் முதலில் மோந்து பார்த்தாள். “குடிச்சாத்தானே ஹராம்” என்று குனிந்தவள், “யா அல்லாஹ், ஆஸ்பத்திரியெல்லோ மணக்குது!” என்று பின்வாங்கினாள்.

உண்மைதான். புகை, மருந்து, கடலுப்பு. விழுங்கினேன். நாக்கு மரத்துப் போனது.

இந்த மூன்றும் சேர்ந்த மணத்தை அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் அறிந்திருக்கிறேன். கல்யாணமான மறு வருஷம், கடலில் எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் ஊற்றும்போது படகு பற்றிக்கொண்டது. என் புருஷன் எரிந்தபடியே தண்ணீரில் குதித்தார். புத்தளம் ஆஸ்பத்திரியில் உடம்பெல்லாம் மருந்து பூசிக் கிடத்தியிருந்தார்கள்.

“சாப்பிட்டியா?” என்று கேட்டார்.

“ஓம்” என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை.

“வலை தப்பிட்டுது. தம்பியிட்டக் குடு.”

அதுதான் எங்கள் கடைசிக் கதை. பின்னேரம் போய்விட்டார். வீட்டில் பெண்கள் மாரடித்து அழுதார்கள். நான் வாசலில் ஓர் ஆடு பொலித்தீன் பையைத் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “கல்லு மனசு” என்றார்கள். அழுகை பிறகு வரும் என்றிருந்தேன். சமையல் வேலைதான் வந்தது.

வெள்ளைக்காரர் புருவத்தை உயர்த்தினார். கட்டைவிரலைக் காட்டினேன். சந்தோஷமாக வேனில் ஏறிப் போனார்.

“என்ன புள்ள, முகம் ஒரு மாதிரி?” என்றாள் ராத்தா. சொன்னேன். இவ்வளவு வருஷத்தில் அவளுக்குச் சொன்னதேயில்லை. அவள் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து இருந்தாள்.

“அந்த மணத்த விடு. நல்லா இருந்த நாளையில அவர் எப்படி மணப்பார்?”

கடலால் வந்து, குளித்து, சாரம் மாற்றிக்கொண்டு என் பக்கத்தில் இருப்பார். அப்போது ஒரு மணம் இருந்தது. சவர்க்காரமா, பீடியா, வெயில் காய்ந்த தோலா?

“தெரியல்ல ராத்தா” என்றேன்.