முழுகாம இருக்கேன்

வெளிநாட்டு டாக்டர்கள் தேயிலைத் தோட்டங்களுக்கு வருகிறார்கள் என்றால் முதலில் எனக்குத்தான் போன் வரும். நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று பதுளையில் சும்மா இருப்பவள், தமிழும் இங்கிலீஷும் தெரிந்தவள், முக்கியமாகச் சம்பளம் கேட்காதவள். "வரமாட்டேன்" என்று சொல்லத்தான் ஒவ்வொரு தடவையும் போனை எடுக்கிறேன்.

அன்றைக்குத் தெமோதரைக்கு மேலே ஒரு தோட்டம். வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் தொட்டில்களை ஓரங்கட்டிவிட்டு கிளினிக் போட்டிருந்தோம். நான் மருந்து மேசையில். மத்தியானத்துக்குள் கால் வீங்கிவிட்டது. முதுகு வலி, மூட்டு வலி, பிரஷர், திரும்பவும் முதுகு வலி. வருஷம் முழுக்க மலை ஏறிக் கொழுந்து பறிக்கிற உடம்புக்கு ஒரு கவர் மாத்திரையைக் கொடுத்து அனுப்புவதில் எனக்கு நம்பிக்கை போய் நாளாகிவிட்டது.

இந்தத் தடவை ஒரு சின்ன டாக்டர் வந்திருந்தார். லண்டனில் பிறந்தவர், தாய் தகப்பன் யாழ்ப்பாணம். தனக்குத் தமிழ் தெரியும், மொழிபெயர்க்க ஆள் வேண்டாம் என்றுவிட்டார். வாய்க்காவது ஓய்வு கிடைத்ததே என்று நானும் இருந்தேன்.

தலைவலி என்று அவரிடம் போன ஒரு பெண்ணுக்குப் பிரஷர் ஏறியிருந்தது. அவர் எழுதிய மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு நகராமல் நின்றாள்.

"மிஸ், முழுகாம இருக்கேன்னு சொன்னேன். டாக்டர் சுடுதண்ணியில நல்லா முழுகச் சொல்றாரு. புள்ளைக்கு ஒன்னும் ஆகாதுங்களா?"

சிரிப்புத்தான் முதலில் வந்தது. யாழ்ப்பாணத்து வீடுகளில் தலைக்குக் குளிப்பதை முழுகுவது என்பார்கள். அவர் அம்மாவிடம் கேட்ட தமிழ் அது. பிள்ளை உண்டாகியிருப்பதை இப்படியும் சொல்வோம் என்று லண்டனில் யார் சொல்லிக்கொடுப்பார்கள்? அப்புறம்தான் அவள் கையிலிருந்த மாத்திரை உறைத்தது. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது சாப்பிடவே கூடாத மாத்திரை. வெடுக்கென்று பிடுங்கினேன். பயந்துபோனாள்.

விஷயத்தைச் சொன்னதும் டாக்டருக்கு முகம் செத்துப்போனது. பாவம், அவளிடம் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டார். அவளுக்கு ஏற்ற மாத்திரை எங்கள் பெட்டிகளில் இல்லை. அன்றைக்கே பதுளை ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும் என்று எங்கள் வேனையே கொடுத்தார்.

"நாளைக்குக் காலையில பேர் கூப்பிடுறப்ப பெரட்டுல நிக்கணுமே, இல்லாட்டி வேல கெடைக்காதே" என்று இழுத்தாள்.

"பெரட்டு எங்கயும் ஓடிப்போகாது. ஏறும்மா" என்று அவளோடு நானும் ஏறிக்கொண்டேன்.

வேனில்தான் கேட்டேன், வீட்டுக்காரருக்குத் தெரியுமா என்று.

"யாருக்குமே சொல்லல மிஸ். போன தடவ லயத்துல எல்லா வீட்டுலயும் சொன்னேன். ஏழு மாசத்துல போயிருச்சு. அப்பவும் இதே தலவலிதான். இந்தத் தடவ டாக்டருக்கு மட்டும் சொல்லுவோம்னு வந்தேன்." கொஞ்சம் யோசித்தாள். "அவருக்குத்தான் வெளங்கலையே. அப்ப மொதல்ல ஒங்களுக்குத்தான் சொல்லியிருக்கேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குப் பயமாக இருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், பதுளை வரும்வரை விடவில்லை.